தமிழ் நியூஸ் சேனல்ல யார் பக்கம் யாரு, மறுபக்கத்தை எங்க போய் பாக்குறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: நடுநிலையான தமிழ் நியூஸ் சேனல் ஒண்ணு சொல்லுங்க, அதை மட்டும் பாத்துக்கிறேன்.

எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். அப்படி ஒரு சேனல் பேரை என்னால சொல்ல முடியாது. எல்லாருமே திருடங்கன்னு சொல்ல வரல, உண்மையாவே உழைக்கிற ரிப்போர்ட்டர்கள் எல்லா சேனல்லயும் இருக்காங்க, வெயில்ல மழையில நின்னு செய்தி எடுத்து அனுப்புறாங்க. ஆனா எது எவ்ளோ நேரம் ஓடணும், எது ஓடவே கூடாதுங்கிறதை முடிவு பண்றது அவங்க இல்ல. நீங்க ஒரே சேனலை நம்பி உக்காந்துட்டீங்கன்னா அது எவ்ளோ நல்ல சேனலா இருந்தாலும் அவங்க காட்டாம விட்டது என்னன்னு உங்களுக்கு தெரியவே போறதில்ல, அதனால நல்ல சேனல் எதுன்னு தேடுறதை விட்டுட்டு, பாக்குற விதத்தை மாத்தலாம்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: சரி, எந்த சேனல் யாரோடது? சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமா சொல்ற விஷயம் இல்ல இது, ஆனாலும் முயற்சி பண்றேன். சன் டிவி 1993 ஏப்ரல் 14ல ஆரம்பிச்சது, கலாநிதி மாறனோடது. அவர் முரசொலி மாறனோட மகன், முரசொலி மாறன் கலைஞரோட அக்கா மகன். சன் டிவி ஆபீஸே ரொம்ப வருஷம் திமுக தலைமை அலுவலகமான அறிவாலயத்துக்குள்ளதான் இருந்துச்சு. ஜெயா டிவி 1999, அதிமுக பக்கம். மக்கள் டிவி 2006, பாமக. கலைஞர் டிவி 2007, திமுக. கேப்டன் டிவி 2010, தேமுதிக. காங்கிரஸ்காரங்க பக்கம் மெகா டிவி, வசந்த் டிவி. இவ்ளோ கட்சிக்கு இவ்ளோ வெளிப்படையா சேனல் இருக்கிறது இந்தியாவுலயே நம்ம ஊர்ல ரொம்ப அதிகம்.

இதுல 2007 கதையை மட்டும் கொஞ்சம் விரிவா தெரிஞ்சுக்கணும், ஏன்னா ஓனர் சண்டை எப்படி நம்ம வீட்டு டிவி வரைக்கும் வருதுன்னு அதுல தெளிவா தெரியும். அந்த வருஷம் மே மாசம் கலைஞருக்கு அப்புறம் யாருன்னு மாறன் குடும்பத்தோட தினகரன் பத்திரிகை ஒரு சர்வே போட்டுச்சு, மே 9ஆம் தேதி மதுரை தினகரன் ஆபீஸை அடிச்சு கொளுத்துனதுல 3 ஊழியர்கள் செத்துப் போனாங்க. கலாநிதியோட தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார், செப்டம்பர்ல கலைஞர் டிவி வந்துடுச்சு, சன் குழுமத்தோட சுமங்கலி கேபிளுக்கு எதிரா அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனும் அதே வருஷம்தான். அப்புறம் 2008 டிசம்பர்ல குடும்பம் மறுபடி ஒண்ணு சேந்துச்சு, அரசு கேபிள் அப்படியே படுத்துடுச்சு, 2011ல ஜெயலலிதா வந்துதான் மாசம் 70 ரூபாய்க்கு அதை திரும்ப எழுப்புனாங்க. குடும்ப சண்டை, குடும்ப சமாதானம், ரெண்டுக்கும் கேபிள் பொட்டி வரைக்கும் விளைவு இருந்துச்சு பாருங்க.

அதிமுகவுலயும் இதே கதைதான். 2017ல கட்சி உடைஞ்சப்போ ஜெயா டிவி சசிகலா, டி.டி.வி. தினகரன் பக்கம் போயிடுச்சு, ஆட்சியில இருந்தவங்களுக்கு சொந்த சேனல் இல்லாம போச்சு, அதனாலதான் 2018ல நியூஸ் ஜெ வந்துச்சு.

கேள்வி: புதிய தலைமுறை, தந்தி, நியூஸ்7, நியூஸ்18 எல்லாம் கட்சி சேனல் இல்லையே?

இல்ல. 2011ல புதிய தலைமுறை வந்தப்போ கட்சிக்கொடி இல்லாத செய்தி பாக்குறோம்னு ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது உண்மை, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். 2012ல தந்தி டிவி, 2014ல நியூஸ்7, 2016ல நியூஸ்18 தமிழ்நாடுன்னு வரிசையா வந்துச்சு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு பெரிய தொழில் இருக்கு. புதிய தலைமுறை எஸ்.ஆர்.எம். குழுமம், நியூஸ்7 தாது மணல் தொழில்ல வளந்த வி.வி. குழுமம், நியூஸ்18 ரிலையன்ஸ். எஸ்.ஆர்.எம். நிறுவனர் பாரிவேந்தர் தனி கட்சியே வெச்சிருக்கார், 2014ல பாஜக கூட்டணியில பெரம்பலூர்ல நின்னார், 2019ல அதே பெரம்பலூர்ல உதயசூரியன் சின்னத்துல நின்னு ஜெயிச்சார், 2024ல மறுபடி பாஜக கூட்டணி. இதனால செய்தி மாறுச்சுன்னு நான் சொல்லல, சொல்றதுக்கு ஆதாரமும் வேணும். ஆனா காலேஜ், சுரங்கம், டெலிகாம்னு தொழில் பண்றவங்களுக்கு அரசாங்கத்தோட தயவு வேணும், மாநில அரசும் வேணும் மத்திய அரசும் வேணும், இதை பாக்குறவங்க மனசுல வெச்சுக்கணும்.

கேள்வி: ஓனர் சொல்லித்தான் எல்லாம் நடக்குதா?

ஓனர் போன் பண்ண வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. காசு எங்க இருந்து வருதுன்னு பாத்தா போதும். தமிழ் நியூஸ் சேனல்ல பெரும்பாலானது இலவச சேனல், நீங்க கட்டுற கேபிள் காசு அவங்களுக்கு போறதில்ல, முழுக்க விளம்பரம்தான். அந்த விளம்பரத்துல அரசு விளம்பரம் பெரிய பங்கு. கேபிள்ல எத்தனாவது நம்பர்ல வரணும்கிறதும் அடுத்தவங்க கையில. அரசு கேபிள்ல எங்க சேனலை எடுத்துட்டாங்க, பின்னாடி தள்ளிட்டாங்கன்னு குற்றச்சாட்டு அதிமுக ஆட்சியிலயும் வந்திருக்கு, திமுக ஆட்சியிலயும் வந்திருக்கு. எதைத் தொட்டா வம்புன்னு செய்தி ஆசிரியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அப்புறம் டிஆர்பி, அதாவது எந்த சேனலை எத்தனை பேர் பாக்குறாங்கங்கிற கணக்கு. நாடு முழுக்க 20 கோடிக்கு மேல டிவி இருக்கிற வீடு இருக்கு, மீட்டர் வெச்சு கணக்கெடுக்கிறது அதுல ரொம்ப ரொம்ப சின்ன பகுதி. மீட்டர் இருக்கிற வீடுகளுக்கு காசு குடுத்து சேனலை ஓட விட்டாங்கன்னு மும்பை போலீஸ் 2020 அக்டோபர்ல கேஸ் போட்டதும் நியூஸ் சேனல் ரேட்டிங்கையே நிறுத்தி வெச்சாங்க, 2022 மார்ச்லதான் திரும்ப வந்துச்சு. கத்துனா ரேட்டிங் ஏறும்னு ஆயிட்டா, கட்சி சார்பு இல்லாத சேனலும் கத்தத்தான் செய்யும்.

கேள்வி: அப்போ டிவியில வர்றதெல்லாம் பொய்யா?

இல்ல, இதைத்தான் நான் அழுத்தி சொல்லணும். அப்பட்டமான பொய் குறைவு, நடந்த விஷயத்துலயே எந்த துண்டை காட்டுறாங்கங்கிறதுல தான் வேலையே நடக்குது. 2001 ஜூன் 30 விடிகாலை கலைஞரை கைது பண்ணினதை பாத்தவங்களுக்கு நல்லா நினைவிருக்கும். சன் டிவியில அவரை போலீஸ் இழுத்துட்டு போற காட்சி திரும்பத் திரும்ப ஓடிட்டே இருந்துச்சு. ஜெயா டிவியில மத்திய அமைச்சரா இருந்த முரசொலி மாறனும் டி.ஆர்.பாலுவும் போலீசோட மோதுற காட்சி ஓடுச்சு. ரெண்டும் நடந்ததுதான், ஒரே ராத்திரிதான். சன் மட்டும் பாத்த வீட்டுக்கு ஒரு தமிழ்நாடு, ஜெயா மட்டும் பாத்த வீட்டுக்கு வேற தமிழ்நாடு. ரெண்டையும் பாத்தவங்க ரொம்ப கம்மி.

கேள்வி: சார்பு இருக்கான்னு பாக்குறவங்களே எப்படி கண்டுபிடிக்கிறது?

நான் முதல்ல பாக்குறது யார்கிட்ட மைக் நீட்டுறாங்கன்னு. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு, 13 பேர் செத்தாங்க, அதிமுக ஆட்சி. 2024 ஜூன் கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயம், 60 பேருக்கு மேல செத்தாங்க, திமுக ஆட்சி. இந்த ரெண்டுலயும் நீங்க பாக்குற சேனல் செத்தவங்க வீட்டுல எவ்ளோ நேரம் நின்னுச்சு, அமைச்சர் பேட்டியை எவ்ளோ நேரம் போட்டுச்சு, எத்தனை நாள்ல செய்தியை விட்டுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, பழைய வீடியோ யூடியூப்ல இருக்கு. ஒரு ஆட்சியில கோபமா கேட்ட கேள்வியை இன்னொரு ஆட்சியில கேக்கலன்னா அங்கதான் சார்பு இருக்கு.

அப்புறம் வார்த்தை. ஒருத்தர் "விளக்கம் அளித்தார்", இன்னொருத்தர் "மழுப்பினார்", பேசுனது ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான். ஒரு ஊர்வலத்துல "மக்கள் திரண்டனர்", இன்னொண்ணுல "போக்குவரத்து பாதிப்பு". "வட்டாரங்கள் தெரிவிக்கின்றன"ன்னு பேரே இல்லாம வந்தா அந்த செய்தியால யாருக்கு லாபம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. கீழ ஓடுற எழுத்துல கேள்விக்குறி போட்டு வர்ற தலைப்பை நான் செய்தியாவே எடுத்துக்கிறதில்ல.

கேள்வி: ராத்திரி விவாதம் பாத்தா ரெண்டு பக்கமும் தெரிஞ்சிடுமே?

தெரியாது. நாலு பெட்டியில நாலு பேர் இருந்தா ரெண்டு பக்கமும் வந்துடுச்சுன்னு ஒரு நினைப்பு வரும், அதுதான் ஆபத்து. பேருக்கு கீழ என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க, "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்", "சமூக ஆர்வலர்" இப்படி வர்றவங்கள்ல நிறைய பேர் ஒரு கட்சிக்காக வாதாடத்தான் வந்திருப்பாங்க, அது திரையில இருக்காது. 2021 ஜூலைல அதிமுக எங்க ஆளுங்க விவாதத்துக்கு வர மாட்டாங்கன்னு அறிவிச்சுட்டாங்க, 2023 செப்டம்பர்ல இந்தியா கூட்டணி 14 தேசிய ஆங்கர்கள் நிகழ்ச்சிக்கு போக மாட்டோம்னு பட்டியலே போட்டாங்க. ஒரு கட்சியே வரலன்னா அந்த நாற்காலிக்கு "ஆதரவாளர்"னு யாரையோ உக்கார வெச்சு நடத்துவாங்க, அவர் சொல்றது கட்சி கருத்தும் இல்ல, பொறுப்பும் இல்ல. மின் கட்டணம், மருத்துவ சீட், நிதி பகிர்வு மாதிரி விஷயத்துல துறை தெரிஞ்ச ஒரு ஆள் இல்லாம நாலு கட்சிக்காரங்க பேசுனா அதுல நீங்க கத்துக்க ஒண்ணும் இல்ல. அந்த ஒரு மணி நேரத்தை வேற எதுக்காவது குடுங்க.

கேள்வி: தூர்தர்ஷன் பரவாயில்லையா?

கத்தல் இல்ல, அது பெரிய நிம்மதி. ஆனா பிரசார் பாரதி சட்டம் 1990ல போட்டு 1997ல நடைமுறைக்கு வந்தும் காசும் நியமனமும் மத்திய அரசு வழியாத்தான் போகுது, டெல்லியில யார் இருந்தாலும் அவங்க பக்கம்தான் சாயும், காங்கிரஸ் காலத்துலயும் அப்படித்தான். அரசு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்க பாருங்க, அதுக்கு எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னு அங்க தேடாதீங்க.

கேள்வி: டிவியே வேணாம்னு யூடியூபுக்கு போயிட்டேன், சரிதானே?

பாதி சரி. டிவி தொடாத விஷயத்தை தொட்ட நல்ல சேனல்கள் அங்க இருக்கு, கிராமத்துல நடக்கிற சாதிக் கொடுமை, தூய்மைப் பணியாளர் போராட்டம் எல்லாம் அங்கதான் முதல்ல முழுசா வருது. ஆனா அங்க ஓனர் யாருன்னே தெரியாது, கட்சி ஐடி விங் நடத்துறது எது தனி ஆள் நடத்துறது எதுன்னு கண்டுபிடிக்க முடியாது, அதை விட முக்கியமா நீங்க எதைப் பாத்தீங்களோ அதே மாதிரிதான் அடுத்ததும் வரும், மறுபக்கம் உங்க கண்ணுக்கே வராது. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு ஹிந்தியில பரவுனது ஞாபகம் இருக்கா, சம்பந்தமே இல்லாத வீடியோ, தமிழ்நாடு போலீஸ் மறுத்துச்சு, பீகார் அரசு அதிகாரிகள் குழு நேர்லயே வந்து பாத்துச்சு. அங்க இருக்கிற குடும்பங்கள் அதை நம்பி பயந்து போனாங்க, ஏன்னா இங்க என்ன நடக்குதுன்னு சொல்ற வேற குரல் அவங்க போனுக்கு போகவே இல்ல. அதே மாதிரி வடக்கே நடக்கிறதுல நாம எவ்ளோ தப்பா நம்பிட்டிருக்கோமோன்னு எனக்கு அப்பப்போ கவலையா இருக்கும்.

கேள்வி: அப்போ மறுபக்கத்தை எங்கதான் தேடுறது?

எனக்கு பலன் குடுத்தது ரெண்டு வழி. முதல் வழி, நடுநிலைன்னு சொல்லிக்கிறவங்களை விட்டுட்டு, நாங்க இந்தப் பக்கம்தான்னு வெளிப்படையா சொல்றவங்களை நேரா படிக்கிறது. திமுக என்ன நினைக்குதுன்னு தெரியணுமா, முரசொலி படிங்க. மார்க்சிஸ்ட் கட்சிக்கு தீக்கதிர், திராவிடர் கழகத்துக்கு விடுதலை, திராவிட அரசியலை எதிர்க்கிற பார்வைக்கு துக்ளக். இவங்க யாரும் சார்பை மறைக்கிறதில்ல, அதனால படிக்கிறவங்களுக்கு எச்சரிக்கை தானா வந்துடும், அதோட எதிர் தரப்போட வாதம் அவங்க வாயாலயே முழுசா கிடைக்கும், விவாதத்துல 40 செகண்ட்ல வெட்டி விட்ட வாதம் இல்ல. நீங்க எந்தக் கட்சியை வெறுக்கிறீங்களோ அந்தக் கட்சி பேப்பரை வாரம் ஒரு நாள் படிச்சா போதும், ஒத்துக்கணும்னு அவசியம் இல்ல, அவங்க என்ன சொல்றாங்கன்னு சரியா தெரிஞ்சா போதும்.

ரெண்டாவது வழி இன்னும் முக்கியம், மூல ஆவணத்துக்கே போறது. பயப்படாதீங்க, எல்லாமே இப்போ நெட்ல இலவசமா இருக்கு. தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்ட ரெண்டு கேஸை எடுத்துக்குவோம். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டுல 1.76 லட்சம் கோடி ஊழல்னு டிவி பூரா ஓடுச்சு. அரசு கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட 2010 அறிக்கையை திறந்தா அது உத்தேச இழப்பு, கணக்கு போடுற முறையைப் பொறுத்து 57 ஆயிரம் கோடியில இருந்து 1.76 லட்சம் கோடி வரைக்கும் வேற வேற தொகை இருக்கு, டிவி எடுத்தது பெரிய தொகையை மட்டும். 2017 டிசம்பர்ல எல்லாரும் விடுதலை, உடனே ஒண்ணுமே நடக்கலன்னு திமுக பக்க சேனல்ல ஆரம்பிச்சாங்க, ஆனா தீர்ப்புல இருக்கிறது அரசு தரப்பு நிரூபிக்கலங்கிறது, சிபிஐ மேல்முறையீடும் போயிருக்கு. அடுத்தது ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கு. 2015 மே 11 கர்நாடக ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு, ஒரு பக்க சேனல்ல பட்டாசு, இன்னொரு பக்கம் புலம்பல். ஆனா தீர்ப்பைத் திறந்து, வருமானமா சேத்துக்கிட்ட கடன் பட்டியலை கூட்டிப் பாத்தவங்களுக்கு வந்தது 10.67 கோடி, தீர்ப்புல போட்டிருந்தது 24.17 கோடி. அந்தக் கூட்டல்லதான் வருமானத்துக்கு மேல சொத்து வெறும் 8.12 சதவீதம்னு வந்து விடுதலை ஆச்சு. 2017 பிப்ரவரி 14ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி கீழ் கோர்ட் தீர்ப்பையே உறுதி பண்ணுச்சு. கூட்டல் தெரிஞ்ச யாரு வேணா 2015லயே அந்தப் பக்கத்தைப் பாத்திருக்கலாம்.

தூத்துக்குடி விஷயமும் அப்படித்தான். டிவி பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்னு அப்போ முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி சொன்னதை வெச்சு வருஷக்கணக்கா விவாதம் நடத்துனாங்க. 2022 அக்டோபர்ல சட்டசபையில வெச்ச அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அது சரியில்ல, அவருக்கு அதிகாரிகள் அப்பப்போ தகவல் சொல்லிட்டே இருந்தாங்கன்னு சொல்லுது. அந்த அறிக்கையில போலீஸ் எங்க நின்னு சுட்டாங்க, யார் உத்தரவு, கலெக்டர் எங்க இருந்தார்னு நிறைய இருக்கு, ஆனா விவாதத்துல அந்த ஒரு வரி மட்டும்தான் வந்துச்சு.

நாடாளுமன்ற பேச்சு சன்சத் டிவியிலயும், நாடாளுமன்ற இணையதளத்துல எழுத்தாவும் இருக்கு, சட்டசபை கேள்வி நேரம் 2022ல இருந்து நேரலையா வருது, பட்ஜெட் நிதித்துறை தளத்துல, தீர்ப்பெல்லாம் கோர்ட் தளத்துல. எல்லாத்தையும் படிக்க யாருக்கும் நேரம் இல்ல, உங்களை ரொம்ப கோபப்படுத்துன ஒரு செய்திக்கு மட்டும் இதை செஞ்சா போதும்.

கேள்வி: ஃபேக்ட் செக் தளங்களை நம்பலாமா?

பழைய வீடியோ, எடிட் பண்ணின போட்டோ, போலி நியூஸ் கார்டு இதுக்கெல்லாம் ரொம்ப உபயோகம், கண்டிப்பா பாருங்க. ஆனா எதை செக் பண்ண எடுக்கிறாங்கங்கிறதுலயும் ஒரு தேர்வு இருக்கு. தமிழ்ல யூடர்ன் நல்லா தெரிஞ்ச பேர், அதோட நிறுவனரையே 2023ல தமிழ்நாடு அரசு தன்னோட தகவல் சரிபார்ப்பகத்துக்கு பொறுப்பாளரா போட்டுச்சு. மத்திய அரசுக்கு பிஐபி ஃபேக்ட் செக் இருக்கு, அதுக்கு சட்ட அதிகாரம் குடுத்த விதியை 2024ல பாம்பே ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. அரசாங்கம் தன்னைப் பத்தி வந்த செய்தியை பொய்னு தானே முத்திரை குத்துறது எனக்கு ஏத்துக்க முடியல, டெல்லியா இருந்தாலும் சரி கோட்டையா இருந்தாலும் சரி. தீர்ப்பை மட்டும் பாக்காம அவங்க குடுத்த ஆதார லிங்கைத் திறந்து பாருங்க.

கேள்வி: எக்ஸிட் போல்?

விட்டுடுங்க. 2016ல பல கணிப்பு திமுகன்னுச்சு, அதிமுக 134 ஜெயிச்சுது. 2024ல பாஜக கூட்டணிக்கு 350க்கு மேலன்னாங்க, வந்தது 293.

கேள்வி: எங்கப்பா ஒரே சேனலைத்தான் நாள் பூரா பாக்குறார், என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குறார்.

நிறைய வீட்ல இதுதான். "உங்க சேனல் பொய்ப்பா"ன்னு ஆரம்பிச்சா அவருக்கு அது அவரோட அறுபது வருஷ கட்சிப் பற்றை நீங்க கேலி பண்ற மாதிரி இருக்கும், பேச்சு அங்கயே முடிஞ்சிடும். சேனலைப் பத்தி பேசாதீங்க, ஒரே ஒரு செய்தியைப் பத்தி பேசுங்க, நம்ம ஊர் ரோடு, நம்ம ஊர் ஆஸ்பத்திரி மாதிரி அவருக்கே நேர்ல தெரிஞ்ச விஷயமா இருந்தா ரொம்ப நல்லது. "இதுல இவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்பா"ன்னு கூட உக்காந்து இன்னொரு சேனலைப் போடுங்க, அவர் திட்டுனா திட்டட்டும், அவர் திட்டுறதுலயும் உங்களுக்கு தெரியாத பழைய அரசியல் நிறைய இருக்கும், அதையும் காது குடுத்து கேளுங்க. அவர் மாறணும்னு மட்டும் நினைச்சுட்டு உக்காந்தா நடக்காது.

கேள்வி: ஒரு சேனல் அநியாயமா செய்தி போட்டா புகார் குடுக்க முடியுமா?

முடியும், நிறைய பேருக்கு தெரியாது. கேபிள் டிவி விதிகள்ல 2021ல மூணு கட்டம் கொண்டு வந்தாங்க. முதல்ல சேனலுக்கே எழுதணும், அவங்க 24 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு ஒத்துக்கணும், 15 நாள்ல பதில் சொல்லணும். பதில் சரியில்லன்னா அந்த சேனல் உறுப்பினரா இருக்கிற சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு போகலாம், செய்தி சேனல்களுக்கு என்பிடிஎஸ்ஏ (NBDSA) மாதிரி அமைப்பு இருக்கு, மூணாவதாத்தான் அரசாங்கம். அந்த அமைப்பு போடுற அபராதம் அதிகபட்சம் 1 லட்சம்தான்னு இருந்தது, அது பத்தவே பத்தாதுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு, ஆனாலும் வீடியோவை எடுக்க வெச்ச உத்தரவுகள் வந்திருக்கு, அதனால எழுதுங்க. நிகழ்ச்சி பேர், தேதி, நேரம், எந்த வரி தப்பு, சரியான தகவல் எங்க இருக்கு, இவ்ளோதான் வேணும், திட்டி எழுதாதீங்க. ஒளிபரப்பான நாலஞ்சு நாளுக்குள்ள அனுப்பிடுங்க, அனுப்புறதுக்கு முன்னாடி அந்தப் பகுதியை உங்க போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, ஏன்னா புகார் போனதும் யூடியூப்ல இருந்து அந்த வீடியோவை எடுத்துட்டா காட்டுறதுக்கு உங்ககிட்ட வேற ஒண்ணும் இருக்காது.